பந்தக்கால் வழியாக வந்த கரையான்

தம்பி,

ஒத்தக்கடையில் நீயும் மலரும் பார்த்து வைத்திருக்கும் வீட்டுக்குச் சாவி வாங்குவதற்கு முன்னால், அப்பா ஒருமுறை வந்து தட்டிப் பார்க்க வேண்டும் என்று நீ சொன்னதாக உன் அம்மா சொன்னாள். வருகிறேன். ஞாயிறு காலையில் டார்ச் லைட்டோடும் ஸ்குரூ டிரைவரோடும் வாசலில் வந்து நிற்பேன். டிபனுக்கு மட்டும் ஏற்பாடு செய்து வை. இத்தனை வருடமாக வீடுவீடாகப் போய்க் கரையான் பார்க்கிறேன். பெரும்பாலும் கதவு கையோடு வந்த பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்கள். குடி போவதற்கு முன்பே கூப்பிடுகிற அளவுக்கு உனக்குப் புத்தி வந்திருக்கிறது. அது உன் புத்தியா, மலருடைய புத்தியா என்று நான் கேட்கப்போவதில்லை.

ஆனால் வருவதற்கு முன் உன்னிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நேரில் என்றால் நான் பேச்சை மாற்றிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். பொங்கலுக்கு முன்னால் நீ போன் செய்தபோது அப்பா ஒரு வார்த்தைகூடத் திட்டாமல் போனை வைத்தார், அந்த மௌனந்தான் உன்னைத் திருப்பியது என்று உன் மாமாவிடம் சொன்னாயாமே. அவன் சும்மா இருப்பானா? டீக்கடைக்கு டீக்கடை இறங்கி, "எங்க மச்சான் மாதிரி நிதானமான ஆளு இந்தப் பக்கத்துலயே கெடையாது" என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். சிம்மக்கல்லில் நான் மருந்து வாங்கும் கடைவரை அது போய்விட்டது. எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அன்று நடந்தது வேறு.

முதலில் உன் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் வரும்வரை நீயே பார்க்க வேண்டியவை சில உண்டு. புதுப் பெயின்ட் வாசனைக்கு மயங்காதே. வீடு முழுக்கப் பழைய பெயின்டாக இருந்து ஒரே ஒரு கதவுநிலைக்கு மட்டும் புதுசாக அடித்திருந்தால், அங்கேதான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நிலையின் அடிப்பக்கம், தரையைத் தொடுகிற இடம், அதுதான் முதலில் போகும். சுவரில் டார்ச்சை நேராக அடிக்காதே, சுவரை ஒட்டிப் படுக்கவைத்து அடி. பென்சில் தடிமனுக்கு மண் கோடு ஒன்று ஏறியிருந்தால் அப்போதுதான் எழுந்து தெரியும். கோட்டை நகத்தால் கீறிப் பார். காய்ந்து உதிர்ந்தால் பழசு. உள்ளே ஈரமாக இருந்து வெள்ளை வெள்ளையாக ஓடினால் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. குளியலறைச் சுவருக்குப் பின்பக்கம் அலமாரி வைத்திருந்தால் அதன் முதுகைப் பார். காலண்டரைத் தூக்கிப் பார். வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும், குடியிருக்கப் போவது நீங்கள். எல்லாவற்றுக்கும் மேலாகத் தட்டிப் பார். நல்ல மரம் விரலுக்குப் பதில் சொல்லும். உள்ளே தின்றுவிட்ட மரம் பொத்தென்று ஒரு சத்தத்தோடு நிறுத்திக்கொள்ளும். மேலே பெயின்ட் மட்டும் தோல் மாதிரி நிற்கும், அதைக் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது.

இந்தத் தட்டுகிற பழக்கத்தால் உன் அம்மாவிடம் நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். எங்கே நின்றாலும் என் விரல் பக்கத்தில் இருக்கிற மரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும். கல்யாண வீட்டு நாற்காலி, கோயில் கதவு, எதுவும் தப்பாது. மலரைப் பெண் பார்க்கத் திருவாதவூருக்குப் போனோமே, அன்று நீ மலரைப் பார்ப்பதிலேயே இருந்தாய், மற்றதைக் கவனித்திருக்க மாட்டாய். பேச்சு நடந்துகொண்டிருந்தபோது நான் அவர்கள் வீட்டு நடுக்கூடத்து நிலையைத் தட்டிக்கொண்டிருந்தேன். உன் அம்மா தொடையில் கிள்ளினாள். அதற்குள் காபித் தட்டோடு வந்த மலர் என் பக்கத்தில் நின்று, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "எப்படி மாமா, தேறுமா?" என்று கேட்டாள். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அந்த இடத்திலேயே என் மனசில் முடிவாகிவிட்டது. ஜாதகமெல்லாம் பிறகு உன் அம்மாவின் திருப்திக்குப் பார்த்ததுதான்.

கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டது நினைவிருக்கிறதா? அலங்காநல்லூர் ரோட்டில் நம் தெருவில் எல்லாரும் வாசலுக்குச் சிமெண்ட் போட்டபோது நாமும் போட்டோம். மண் மிச்சம் இருந்தது பூஜையறைச் சுவரை ஒட்டிய அந்த ஒரு முழ இடம் மட்டுந்தான். ஈசானிய மூலையாகவும் அது பொருந்தி வந்ததால், உன் மாமா பச்சை மூங்கிலை அங்கேயே நட்டான். மாவிலை கட்டி, நவதானிய முடிச்சுக் கட்டி, பால் ஊற்றி, எல்லாம் முறையாகத்தான் நடந்தது. மறுவீடு முடிந்ததும் மாப்பிள்ளையும் பெண்ணும் கை வைத்து அசைத்துக் கொடுக்க, பெரியவர்கள் பிடுங்கிக் கால்வாயில் விடுவது நம் வீட்டு வழக்கம். நீ லீவு முடிந்தது என்று மலரைக் கூட்டிக்கொண்டு ஓசூருக்கு பஸ் ஏறிவிட்டாய். "ஆடிக்கு வருவாக, அப்பப் பாத்துக்கலாம்" என்றாள் அம்மா. ஆடிக்கு மலர் அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். தலைதீபாவளியும் அங்கேதான். மூங்கில் பச்சை போய், மஞ்சளாகி, பிறகு சாம்பல் நிறமாகி, அங்கேயே நின்றது.

அப்புறம் உங்களுக்குள் ஆரம்பித்தது. ஆறு மாதத்தில் மதுரைக்கே மாற்றல் வாங்கிவிடுவேன் என்று சொல்லி அந்தப் பெண்ணின் லேப் வேலையை விடவைத்தாய். ஓசூரில் நீ ஷிப்டுக்குப் போய்விட, அவள் ஒரே அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாற்றலுக்கு நீ எழுதிக்கூடப் போடவில்லை என்று தெரிந்ததும், அண்ணன் குழந்தைக்குக் காது குத்து என்று ஊருக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. பழைய லேப்பிலேயே மறுபடி வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். இதில் நியாயம் யார் பக்கம் என்று எனக்குத் தெரியும், உனக்கும் இப்போது தெரியும், விட்டுவிடுகிறேன்.

உனக்குத் தெரியாதது இது. மலர் திரும்பிப் போகவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து உன் அம்மா தினமும் காலையில் குளித்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரில் மஞ்சள் கலந்து அந்தப் பந்தக்காலுக்கு ஊற்ற ஆரம்பித்தாள். காய்ந்த மூங்கிலுக்கு. ஒருநாள் "எதுக்கு இது?" என்று கேட்டேன். "அது நிக்கிற வரைக்கும் அவுக கல்யாணமும் நிக்கும். ரெண்டு பேரும் சேந்து வந்து கை வைக்கட்டும், அப்பறம் எடுப்போம்" என்றாள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் நான் என்ன சொல்கிறேன்? சுவரை ஒட்டி விறகு அடுக்காதே, சுவரடியில் தண்ணீர் தேங்கவிடாதே, கட்டை எதையும் மண்ணில் புதைத்து வைக்காதே. என் வீட்டில் மூன்றும் ஒரே இடத்தில் ஒன்றுசேர்ந்து நடந்துகொண்டிருந்தது. நான் தினமும் அதைக் கடந்துதான் வண்டியை எடுத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் அதில் கை வைக்கப் பயமாகத்தான் இருந்தது. காலை வேளையில் என் கண்ணும் அந்தப் பக்கம் ஒருமுறை போய், நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளும்.

இப்போது அந்தப் போனுக்கு வருகிறேன். மார்கழிக் கடைசி. சாயங்காலம். அம்மா விளக்கேற்றப் போயிருந்தாள், நான் பூஜையறை வாசலில் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றேன். நீ கூப்பிட்டாய். "பொங்கலுக்கு வரலப்பா. அவளாப் போனா, அவளா வரட்டும். நீங்க யாரும் நடுவுல பேசாதீங்க" என்றாய். அம்மாவுக்கும் அது கேட்டது. தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. என்ன சொல்ல வேண்டும் என்று வாயில் வந்துவிட்டது. அப்போது என் விரல், அதுபாட்டுக்கு, சாய்ந்திருந்த நிலையைத் தட்டியது. பொத்.

தேக்கு நிலை, தம்பி. வீடு கட்டும்போது செல்லூர் மரக்கடையில் நானே நின்று பார்த்து எடுத்தது. இன்னொரு முறை தட்டினேன். கீழே குனிந்து தட்டினேன். முழங்கால் உயரம்வரை பொத் பொத் என்றது. நீ மறுமுனையில் "அப்பா... அப்பா, கோவமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாய். எனக்கு அது காதில் விழுந்தது, ஆனால் பதில் சொல்ல ஆள் அங்கே இல்லை. நான் நிலையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். உன்னைத் திருத்திய மௌனம் இதுதான்.

டார்ச்சை எடுத்து வந்தேன். சாமி படங்களுக்குப் பின்னால் சுவரில் மண் கோடுகள் வரி வரியாக ஏறியிருந்தன. வெளியே போய்ப் பார்த்தால் எல்லாம் பந்தக்காலின் அடியிலிருந்து புறப்பட்டிருந்தது. மஞ்சள் தண்ணீர் ஊற்றி ஊற்றி அவற்றுக்கு ராஜபாட்டை போட்டுக் கொடுத்திருந்தோம். அன்றைக்கே மூங்கிலைப் பிடுங்கியிருக்க வேண்டும். சொன்னேன். உன் அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"மார்கழியில அதுல கை வைக்கக் கூடாது."

"தை பொறந்தா வைக்கலாமா?"

"ரெண்டு பேரும் வராம எப்பவுமே வைக்கக் கூடாது."

"வீட்டத் திங்குதுடி."

"தின்னா திங்கட்டும். வீடு போனா வேற வீடு கட்டிக்கலாம்."

நான் உள்பக்கம் மட்டும் தரையோரமாகத் துளை போட்டு மருந்து ஏற்றினேன். வேர் வெளியே இருக்கும்போது உள்ளே மருந்து அடிப்பது கண்துடைப்பு. யாராவது வாடிக்கையாளர் அப்படிக் கேட்டால் நான் சண்டை போட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன். என் வீட்டில் அதைத்தான் செய்தேன். பொங்கல் அன்று பானை பொங்கியபோது உன் அம்மா குலவை போடவில்லை.

காணும் பொங்கலன்று மலர் வந்தாள். ஜல்லிக்கட்டு நாள் என்பதையே மறந்துவிட்டு பஸ் ஏறியிருக்கிறாள். கூட்டத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு தூரமும் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு நடந்தே வந்து, புழுதியோடு வாசலில் நின்றாள். "என்னம்மா திடுதிப்புன்னு?" என்றேன். "அவுக அன்னிக்கே போன் பண்ணிட்டாக மாமா. அப்பா எங்கிட்டப் பேசாம வச்சுட்டாரு, இனிமே பேசவே மாட்டாரு போலன்னு ஒரே அழுக. பாவமாப் போச்சு. மாத்தலுக்கும் எழுதிப் போட்டாச்சாம்" என்றாள். நான் விழித்தேன். உன் அம்மா என்னை ஏதோ பெரிய ரிஷியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லி எல்லாவற்றையும் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்குள் மலர் பந்தக்காலைப் பார்த்துவிட்டாள். "இத இன்னுமா வச்சிருக்கீங்க?" அம்மா காரணத்தைச் சொன்னாள், பாதியில் அழுதுவிட்டாள். மலர் பையைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு உன்னை வீடியோவில் கூப்பிட்டாள். மீதி உனக்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஓசூரில் கேன்டீன் வாசலில் யூனிபார்மோடு நின்றபடி நீ திரை முழுக்க உள்ளங்கையை நீட்டினாய். அந்தக் கை மூங்கிலில் பதிகிற மாதிரி மலர் போனை வைத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தானும் வைத்தாள். அம்மா கற்பூரம் காட்டினாள். நான் கடப்பாரையால் மண்ணை நெகிழ்த்திவிட்டு இழுத்தேன்.

நீ பார்க்காதது அடுத்து வந்தது. பந்தக்கால் பிடுங்கிக்கொண்டு வரவில்லை. தரை மட்டத்தில் முறிந்து என் கையோடு வந்தது. மூங்கிலின் குழலுக்குள் முழுக்க மண். முறிந்த வாயிலிருந்து கரையான் வெள்ளையாகக் கொட்டியது. மலர் சட்டென்று போனை மேலே திருப்பினாள். உனக்கு வானமும் கேபிள் ஒயரும் தெரிந்திருக்கும். "வந்துருச்சா?" என்று உன் குரல் கேட்டது. "நல்லா வந்துருச்சு, நீங்க வேலையப் பாருங்க" என்று அவள் போனை அணைத்தாள்.

உன் அம்மா அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒடஞ்சு போச்சே, ஒடஞ்சு போச்சே" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. இத்தனை மாதமாக அவள் எதற்குப் பயந்தாளோ அது என் கையில் ஒரு துண்டும் மண்ணுக்குள் ஒரு துண்டுமாக இருந்தது. மலர் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, இங்க பாருங்க. கம்பு ஒடஞ்சது கரையானால. நாங்க சண்ட போட்டது எங்களால. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பாதீங்க. கம்பு போனா என்ன, நாங்க ரெண்டு பேரும் இருக்கம்ல."

அம்மா அவள் தலையிலிருந்த புழுதியைத் தட்டிவிட்டாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சாப்ட்டியா?" என்று கேட்டாள். "எங்க சாப்ட, மாட்டுக்கு நடுவுல நடந்து வாரேன்" என்றாள் மலர். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்த மலர் பூஜையறை நிலையைத் தானே ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, "தேறுமா மாமா?" என்றாள். "நெலை தேறாது, வீடு தேறும்" என்றேன். அடுத்த நாளே அடிக்கட்டையைத் தோண்டி எடுத்து, குழியிலும் சுவரைச் சுற்றியும் மருந்து ஏற்றி முடித்தேன். இப்போது பூஜையறைக்குக் கிரானைட் நிலை. உன் அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்கும் மஞ்சள் பூசிப் பொட்டு வைக்கிறாள். கல்லைக் கரையான் தின்னாது, தாராளமாகப் பூசட்டும். அன்றிலிருந்து நானும் நிம்மதியாகத் தூங்குகிறேன். என் குறட்டை தெருமுனைவரை கேட்கிறது என்கிறாள் உன் அம்மா.

பந்தக்கால் முறிந்ததை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று மலர்தான் சொன்னாள். இனி சொல்லலாம், அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒரு வீட்டைத் தட்டிப் பார்க்க என்னைக் கூப்பிட்டாய். உன்னோடு அந்த வீட்டுக்கு வருகிறவள் எப்படிப்பட்டவள் என்பதும் உனக்குத் தெரிய வேண்டும். இனி அவளிடம் சொல்கிற வார்த்தையை எழுத்திலும் போட்டுவிடு, மாற்றலுக்குப் போட்டது போல.

கடைசியாக ஒன்று. உன் மாமா சொல்லித் திரிகிற நிதானமெல்லாம் எனக்குக் கிடையாது. அன்று நீ பேசியபோது வாயில் வந்துவிட்டது என்று எழுதினேனே, அது என்ன என்று நீ கேட்பாய். "அப்படின்னா நீயும் இந்த வீட்டு வாசல் ஏறாதே." இதுதான். நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் நீ என் பிள்ளை, ஏறியிருக்க மாட்டாய். நான் உன் அப்பன், திரும்பக் கூப்பிட்டிருக்க மாட்டேன். அந்த ஒரு தட்டல் குறுக்கே வந்தது. எத்தனையோ வீடுகளில் கரையான் தின்றதைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். அன்று என் வாயிலிருந்து அது தின்றுவிட்டுப் போன வாக்கியத்துக்காக மட்டும், என் தேக்கு நிலை போனது போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்பா